பெயருக்குப் பதில் போட்ட கோடு

உங்கள் ஆராய்ச்சி நிலையத்துக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்காக என் வேலை அனுபவத்தை எழுதித் தரச் சொன்னீர்கள். தருகிறேன். ஆனால் போன வாரம் உங்கள் அறையில் உட்கார்ந்திருந்தபோது ஒரு தம்பி சொன்னது என் காதில் விழுந்தது. "ரெபரன்ஸ் லிஸ்ட்தானே மேடம், கட்டுரை முடிஞ்சதும் ஒரு மணி நேரத்துல தட்டிப் போட்டுரலாம்." நல்ல பிள்ளை. எனக்குக் காபி வாங்கிக் கொடுத்தவர். அதனால் அன்றைக்குச் சண்டை போடவில்லை. இன்றைக்குப் போடுகிறேன்.

நான் டைப்பிஸ்ட். பழனி அடிவாரத்தில் எங்கள் குடும்பத்துக்குப் பூஜைச் சாமான் கடை. யாத்ரீகர்களுக்குக் கற்பூரம் மடித்துக் கொடுத்துக்கொண்டே, அடுத்த தெருவில் டைப்ரைட்டிங் படித்துத் தேறினேன். அறுபதுகளின் தொடக்கத்தில், தாண்டிக்குடிக்கும் பண்ணைக்காட்டுக்கும் நடுவே இருந்த ஒரு சின்ன ஆராய்ச்சிப் பண்ணையில் வேலை கிடைத்தது. அந்தப் பண்ணை இப்போது இல்லை, தேடிக்கொண்டு போகாதீர்கள். ஓர் அதிகாரி, நான்கு உதவியாளர்கள், ஒரு ஜீப், ஒரு டைப்ரைட்டர், நான். இவ்வளவுதான் பண்ணை. மீதி எல்லாம் காபிச் செடியும் ஆரஞ்சு மரமும் மழையும்.

அதிகாரியின் பெயரைச் சொல்ல மாட்டேன். அவர் போய்ச் சேர்ந்து வெகு காலமாகிறது, பேரன் பேத்திகள் இருக்கிறார்கள். படித்தவர், கெட்டிக்காரர், அதையெல்லாம் நான் மறுக்கவில்லை. ஆனால் ரெபரன்ஸ் என்றால் அவருக்குச் செருப்புத் தூசு. கல்யாணப் பத்திரிகை வந்த உறையின் பின்பக்கத்தில் எழுதிக் கொடுப்பார்: 'ஒரு ஜெர்மன்காரர், முப்பதுகளில், வெங்காயம் பற்றி.' பெயர் என்ன, எந்த இதழ், எந்தப் பக்கம் என்று கேட்டால், "நீயே பார்த்துப் போட்டுக்கோம்மா" என்பார். வெங்காயம் பற்றி எழுதிய ஜெர்மன்காரர் உலகத்தில் ஒருவர்தானா? அந்த ஒருவரைத் தேடி மாதம் ஒரு முறை ஜீப்பில் பெருமாள்மலை வரை வந்து, அங்கே பஸ் பிடித்துக் கொடைக்கானல் ஏறி, பாதிரிமார் நூலகத்தில் நாள் முழுக்க உட்காருவேன்.

அங்கே நான் கண்டுபிடித்த ஒரு கூத்தைச் சொல்கிறேன். ஒரு புத்தகத்தின் முந்நூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை நான்கு பெரிய மனிதர்கள் தங்கள் கட்டுரைகளில் காட்டியிருந்தார்கள். எங்கள் அதிகாரி ஐந்தாவது. புத்தகத்தைக் கையில் எடுத்துப் பார்த்தால், அது மொத்தமே இருநூறு பக்கத்துக்குள் முடிந்துவிட்டது! முதல் ஆள் எங்கோ தவறாக எழுதியிருக்கிறார், மற்றவர்கள் புத்தகத்தைத் தொடாமலே ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிக்கொண்டே வந்திருக்கிறார்கள். டாக்டர் பட்டம் வாங்கியவர்கள்! பள்ளிக்கூடத்தில் இதே காரியத்தைச் செய்தால் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள். நான் திருத்திக் கொடுத்தேன். அதிகாரி, "பரவாயில்லையே" என்றார். அவ்வளவுதான்.

அந்தக் காலத்தில் இதழ்க்காரர்கள் கைப்பிரதியோடு ஒரு சீட்டும் கேட்பார்கள். 'மேற்கோள் பட்டியல் மூலத்தோடு ஒப்பிடப்பட்டது' என்று அச்சடித்திருக்கும். கீழே ஒப்பிட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். அது குமாஸ்தா வேலை என்று அதிகாரிகள் அதைத் தொட மாட்டார்கள். அதனால் எங்கள் பண்ணையிலிருந்து போன ஒவ்வொரு கட்டுரையிலும் அந்தச் சீட்டில் என் கையெழுத்துதான் இருக்கும்.

இனி கோட்டுக்கு வருகிறேன். உங்கள் கம்ப்யூட்டர் இப்போது பெயரை எத்தனை தடவை வேண்டுமானாலும் சலிக்காமல் போடுகிறது. எங்களுக்கு ஒவ்வோர் எழுத்தும் விரல்வலி. ஒரே ஆள் எழுதியவை பட்டியலில் வரிசையாக வந்தால், முதல் வரியில் மட்டும் பெயரை டைப் செய்வோம். அடுத்தடுத்த வரிகளில் பெயர் வர வேண்டிய இடத்தில் ஒரு நீளக் கோடு. மேலே இருக்கும் பெயர்தான் இதற்கும் என்று பொருள். இதழ்களும் அப்படித்தான் அச்சிடும். வசதியான பழக்கம். எவ்வளவு ஆபத்தான பழக்கம் என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவர் யாரும் இல்லை, நானே மாட்டிக்கொண்டு தெரிந்துகொண்டேன்.

உதவியாளர்களில் ஒருவர் சின்னராசு. பூம்பாறைக்காரர். பூண்டு போடும் குடும்பம். அந்த ஊரிலிருந்து காலேஜ் வாசலை மிதித்தவர்கள் அப்போது விரல்விட்டு எண்ணக்கூடியவர்கள், அவர்களில் ஒருவர். டெம்பரரி வேலை. ஆறு மாதத்துக்கு ஒரு முறை உத்தரவு வந்தால்தான் அடுத்த ஆறு மாதம். என்னை அக்கா என்பார்.

ஒரு நாள் என்னிடம் வந்து சொன்னார். "அக்கா, எங்க ஊருல பூண்டைப் பிடி பிடியாக் கட்டி அடுப்புக்கு மேல தொங்கவிட்டுருவாங்க. விதைப்பூண்டு அடுத்த போகம் வரைக்கும் அழுகாமக் கெடக்கும். ஏன் அழுகலைன்னு இதுவரைக்கும் யாரும் எழுதிவைக்கலக்கா. நான் பார்க்கப்போறேன்."

பார்த்தார். ஏழு மாதம், ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் பூம்பாறைக்குப் போய், புகையில் தொங்கிய பூண்டையும் சும்மா வைத்த பூண்டையும் எண்ணி எண்ணி எழுதினார். எங்கள் அதிகாரி நோட்டுப் புத்தகத்தைப் புரட்டிவிட்டு எல்லோர் முன்னாலும் சிரித்தார். "அடுப்படி ஆராய்ச்சியா? அடுத்தது உங்கம்மா ரசம் வைக்கிறதையும் எழுதிட்டு வா." உதவியாளர்களும் சிரித்தார்கள். அதிகாரி சிரித்தால் சிரித்துத்தானே ஆக வேண்டும்.

சின்னராசு அதற்கெல்லாம் அசரவில்லை. முதலில் அழுகலைப் பற்றிப் பண்ணை அறிக்கையில் ஒரு பக்கம் எழுதினார். பிறகு புகையைப் பற்றி இரண்டு சிறு குறிப்புகள். அவற்றை ஒரு சின்ன இதழ் ஏற்றுக்கொண்டது. அச்சில் வரத் தாமதமாகும் என்று கடிதம் போட்டார்கள். அந்தக் கடிதம் அதிகாரி பெயருக்கு வந்தது. பண்ணைக்கு வரும் எல்லாத் தபாலும் அப்படித்தான், அவர் மேசைக்குப் போய் அவர் பீரோவுக்குள் அடங்கிவிடும்.

இதற்குள் சென்னையிலிருந்து வந்த பெரியவர் ஒருவர் பண்ணையைச் சுற்றிப் பார்த்தார். சின்னராசுவின் பூண்டைப் பற்றிக் கேட்டதும், "இது பிரமாதமாச்சே" என்று சொல்லிவிட்டுப் போனார். அவ்வளவுதான், அடுப்படி ஆராய்ச்சிக்கு ஒரே நாளில் கௌரவம் வந்துவிட்டது. அடுத்த மாதமே எங்கள் அதிகாரி பூண்டு சேமிப்பைப் பற்றி நீண்ட கட்டுரை ஒன்று எழுத உட்கார்ந்துவிட்டார்.

பட்டியலை நான் தயாரித்தேன். இருவர் பெயரும் ஆங்கிலத்தில் ஒரே எழுத்தில் தொடங்கும். அகர வரிசையில் அதிகாரிக்கு அடுத்தபடியே சின்னராசு, நடுவில் வேறு எவரும் இல்லை. அதிகாரியின் பழைய கட்டுரைகள் மூன்று. அதன் கீழே சின்னராசு பெயரோடு பண்ணை அறிக்கைப் பக்கம். அதன் கீழே பெயருக்குப் பதில் கோடு போட்டு அந்த இரண்டு குறிப்புகள், 'அச்சில்' என்று. எல்லாவற்றையும் மூலத்தோடு ஒப்பிட்டேன். சீட்டில் கையெழுத்தும் போட்டுவிட்டேன்.

ஒரு காலை, தபால் கொண்டுபோக ஜீப் கிளம்பி நிற்கிறது. அதிகாரி திருத்திய பிரதியோடு வந்தார். "இதழ்ல ரெபரன்ஸைக் குறைக்கச் சொல்றாங்க. ஒண்ணு எடுத்திருக்கேன். கடைசி ரெண்டு பக்கத்தை மட்டும் மறுபடி அடிச்சுக் குடு" என்றார். வாசலில் டிரைவர் அண்ணன் குரல் கொடுக்கிறார். "வெரசா அடிங்கம்மா. வெள்ளனே எறங்குனாத்தான் வத்தலக்குண்டுல தபாலு சேரும்." சின்னராசுவின் பண்ணை அறிக்கை வரி மேல் சிவப்புப் பென்சில் கோடு. சரி, ஒரு வரி குறைந்தது என்று நினைத்து, அதை விட்டுவிட்டு மற்றதையெல்லாம் அப்படியே டைப் செய்து கொடுத்தேன். ஜீப் போய்விட்டது.

நீங்கள் இந்நேரம் புரிந்துகொண்டிருப்பீர்கள். எனக்குப் புரிய மூன்று மாதம் பிடித்தது. சின்னராசு பெயர் இருந்தது அந்த ஒரு வரியில்தான். அது போனதும், கீழே இருந்த இரண்டு கோடுகளும் மேலே இருந்த அதிகாரி பெயருக்குச் சொந்தமாகிவிட்டன. மூன்று கட்டுரை எழுதியவர் ஒரே பென்சில் கோட்டில் ஐந்து எழுதியவர் ஆகிவிட்டார். அதை டைப் செய்தது இந்தக் கைதான். அதில் எனக்கு ஒளிவு மறைவு இல்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு வெள்ளிக்கிழமை, பிழை பார்த்துத் திருப்பி அனுப்ப வேண்டிய புரூப் அச்சகத்திலிருந்து வந்தது. சென்னையில் அந்த அச்சகத்தில் புரூப் பார்ப்பவர் ஒருவர் உண்டு. நான் அவரைப் பார்த்ததில்லை, பெயரும் தெரியாது. பென்சிலில் பொடிப்பொடியாக ஓரத்தில் கேள்வி எழுதுவார். இந்த முறை எழுதியிருந்தது இது: 'மேற்கோள் 13, 14: இவ்விரண்டும் எங்கள் அச்சகத்திலேயே வேறோர் இதழுக்காக அச்சுக் கோக்கப்பட்டு நிற்கின்றன. அவற்றில் ஆசிரியர் பெயர் வேறு. சரிபார்த்து உறுதி செய்யவும்.'

படித்ததும் என் தப்பு எனக்கு விளங்கிவிட்டது. புரூப்பைத் தூக்கிக்கொண்டு பக்கத்து அறையில் இருந்த அதிகாரியிடம் ஓடுவதற்குமுன் இன்னொன்று கண்ணில் பட்டது. புரூப் முதலில் அதிகாரி மேசைக்குத்தான் போயிருக்கிறது. பென்சில் கேள்விக்குப் பக்கத்தில் பச்சை மையில் பதில் ஏற்கெனவே இருந்தது. 'சரியே. மாற்றம் வேண்டாம்.' கீழே சுருக்கொப்பம்.

பார்க்காமல் எழுதியிருப்பார் என்றுதான் அப்போதும் நினைத்தேன். என் அசட்டுத்தனத்தைப் பாருங்கள்.

"சார், பதின்மூணும் பதினாலும் சின்னராசு எழுதினதுங்க. மேல இருந்த வரி போனதால கோடு ரெண்டும் உங்க பேருக்குக் கீழ வந்துருச்சு. நான் கவனிக்காம அடிச்சுட்டேன்" என்றேன்.

"தெரியும்" என்றார்.

புரூப்பை அவர் மேசையில் வைத்துப் பென்சில் கேள்வியைத் தொட்டுக் காட்டினேன்.

"ஏம்மா, அவன் யார் பண்ணையில வேலை பார்த்து எழுதினான்? என் கையெழுத்து இல்லாம அந்தக் காகிதம் இந்த வாசலைத் தாண்டியிருக்குமா? அந்தச் சின்ன ஜர்னலுக்கும் நான் எழுதிச் சரிபண்ணிக்கறேன். நீ இதைத் திங்கட்கிழமை தபால்ல சேர்த்துடு."

"அவருக்கு அடுத்த மாசம் இன்டர்வியூ இருக்குங்களே சார்."

"இருக்கட்டுமே. சின்ன வயசு, இன்னும் எழுதுவான். ரெபரன்ஸை எவன் படிக்கிறான்? போய் வேலையைப் பாரு."

என் நாற்காலிக்குத் திரும்பி வந்து பழைய கார்பன் பிரதியை ஃபைலிலிருந்து எடுத்துப் பார்த்தேன். பட்டியலில் ஒரு வரி போனால் கட்டுரைக்குள் இருக்கும் எண்களையெல்லாம் மாற்ற வேண்டும். அதை என்னிடம் விடாமல், கார்பன் பிரதியில்கூட அத்தனை எண்ணையும் தன் கையாலேயே சிவப்புப் பென்சிலில் திருத்தியிருந்தார், ஒன்று விடாமல். ஜெர்மன்காரர் பெயரைக்கூட என்னைத் தேடச் சொன்ன மனிதர்! இவ்வளவு சிரத்தை அவருக்கு எங்கிருந்து வந்தது? அந்த நிமிடம் எனக்கு வந்த ஆத்திரத்தில் டைப்ரைட்டரைத் தூக்கி அவர் அறைக்குள் எறிந்திருப்பேன். கனமான மெஷின், முடியவில்லை.

இதில் சின்னராசுவுக்கு என்ன கேடு என்று உங்களில் சிலர் கேட்கலாம். சொல்கிறேன். நிரந்தர வேலைக்கான இன்டர்வியூ அது. மனுவில் அந்த இரண்டு குறிப்புகளையும் தன்னுடையவை என்று எழுதி அனுப்பியிருந்தார். அவை இன்னும் அச்சில் வரவில்லை. ஏற்றுக்கொண்ட கடிதம் அதிகாரியின் பீரோவுக்குள். ஆக, அந்தக் குறிப்புகளைப் பற்றி உலகத்தில் முதலில் அச்சாகப் போவது இந்தப் பட்டியல்தான். அதில் அதிகாரி பெயர் இருந்தால், மேலதிகாரி எழுதியதைத் தனது என்று மனுவில் போட்ட பொய்யன் யார்? பறிகொடுத்தவனே திருடன் ஆகப் போகிறான்.

அவர் பூண்டு அறுவடைக்காக லீவில் ஊருக்குப் போயிருந்தார். சனிக்கிழமை நான் ஜீப், பஸ், இன்னொரு பஸ் என்று மாறிப் பூம்பாறைக்குப் போய் இறங்கினேன். படிப்படியாக இறங்கும் வயலில் பிடுங்கிய பூண்டை விரித்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவருடைய அம்மாதான் முதலில் பார்த்தார். "ஏலே சின்னராசு, ஆபீசுல இருந்து டைப்பு அடிக்கிற பிள்ளை வந்திருக்குடா. வா தாயி."

நடந்ததைச் சொன்னேன். என் தப்பையும் சேர்த்தே சொன்னேன். சின்னராசு கையிலிருந்த பூண்டுக் கட்டைக் கீழே வைத்துவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டார்.

"விட்டுருங்கக்கா" என்றார். "இன்டர்வியூ போர்டுல அவரும் உக்காருறாரு. இப்ப வாயைத் தொறந்தேன்னா இருக்கிற டெம்பரரி சோலியும் போயிரும். அவரு பேருலயே இருந்துட்டுப் போகட்டும்."

"மனுவுல எழுதி அனுப்பிட்டீங்களே தம்பி. யாரு எழுதுனதுன்னு கேட்டா என்ன சொல்லுவீங்க?"

"தெரியலக்கா." வயல் வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். "எனக்கு ஒண்ணும் ஓடல. நீங்களும் ஒண்ணும் சொல்ல வேணாம். என் பேரைச் சொல்லி நீங்க சண்டைக்குப் போனா, நான்தான் தூண்டிவிட்டேன்னு ஆகிரும்."

அம்மா அதுவரை கேட்டுக்கொண்டிருந்தவர் எழுந்து வந்தார். "எதை எடுத்துக்கிட்டானாம்? நம்ம அடுப்புப் புகையையா? எம் மாமியா சொல்லிக் குடுத்து நான் தொங்கவிட்டது. எம் மகன் ஏழு மாசம் கண்ணு எரிய எரிய நின்னு எழுதுனது. அந்த ஆபீசரு இந்த வாசப்படி ஏறி ஒரு நாளு இருமியிருப்பானா? கேக்குறேன்!"

"ஆத்தா, சும்மா இரு" என்றார் மகன்.

"நான் எதுக்குடா சும்மா இருக்கணும்?" என்றார் அம்மா. எனக்கும் அதேதான் தோன்றியது. ஆனால் அந்த வேலை போனால் பட்டினி கிடக்கப் போவது நான் இல்லையே. வேண்டாம் என்று அவர் சொன்னபிறகு, அவர் பெயரைச் சொல்லிப் புகார் எழுத எனக்கு என்ன உரிமை?

திரும்பி வரும் பஸ்ஸில் இதையேதான் யோசித்துக்கொண்டு வந்தேன். பச்சை மையை அழித்துத் திருத்தினால் அது போர்ஜரி. சின்னராசுவுக்காகப் பேசினால் அவர் தலை உருளும். பேசாமல் இருந்தாலும் அவர் தலைதான் உருளும். பெருமாள்மலையில் டீ குடிக்க இறங்கியபோதுதான், இந்த விவகாரத்தில் எனக்கென்று சொந்தமாக ஒன்று இருப்பது நினைவுக்கு வந்தது. அந்தச் சீட்டு. புரூப்போடும் ஒரு சீட்டு வரும், அதிலும் ஒப்பிட்டவர் கையெழுத்துப் போட வேண்டும். பட்டியல் மூலத்தோடு ஒத்திருக்கிறது என்று சொல்ல வேண்டியவள் நான். ஒத்திருக்கவில்லை என்று சொல்ல யாரிடமும் உத்தரவு வாங்க வேண்டியதில்லை. புகார் வேண்டாம், குற்றச்சாட்டு வேண்டாம், சின்னராசு கேட்டார் என்ற பேச்சே வேண்டாம். என் தப்பை நான் திருத்துகிறேன், அவ்வளவுதானே.

திங்கட்கிழமை காலை சீட்டில் எழுதினேன். '13, 14 ஆகியவற்றின் ஆசிரியர் சின்னராசு. மூலம் தங்கள் அச்சகத்திலேயே உள்ளது. இறுதிப் பிரதியில் பெயர் விடுபட்டது டைப் செய்த என்னுடைய பிழை.' முழுக் கையெழுத்தும் போட்டேன். பச்சை மையைத் தொடவில்லை. அது அப்படியே புரூப்பில் இருந்தது.

ஒளித்து அனுப்பவும் எனக்கு மனம் வரவில்லை. கொண்டுபோய் அவர் மேசை மேல் வைத்தேன்.

"என்ன இது?"

"சீட்டுங்க சார். ஒப்பிட்டவங்க கையெழுத்து கேட்டிருக்காங்க."

படித்தார். முகம் சிவந்தது. கிழித்துவிடுவார் என்று நினைத்தேன். ஆனால் அவர் என்ன செய்தார் தெரியுமா? சிரித்தார். சின்னராசுவின் நோட்டைப் பார்த்துச் சிரித்த அதே சிரிப்பு.

"அச்சகத்துக்காரன் ஆபீசர் சொல்றதைக் கேப்பானா, டைப்பிஸ்ட் சொல்றதைக் கேப்பானா?"

"தெரியலைங்க சார். ரெண்டும் போகட்டும், அவுங்க பார்த்துக்குவாங்க."

"தாராளமா அனுப்பு. உன் தப்பை நீயே எழுதிக் குடுத்திருக்கே, நல்லதுதான்" என்று சீட்டை என் பக்கம் தள்ளிவிட்டார்.

இன்றுவரை எனக்கு ஆறாதது இந்த இடம்தான். அவர் பயந்து கிழித்திருந்தால்கூட ஒரு மரியாதை இருந்திருக்கும். டைப்பிஸ்ட் எழுதியது ஒரு பொருட்டா என்ற அலட்சியத்தில் விட்டார். நான் உறையை அவர் கண்ணெதிரே ஒட்டி டிரைவர் அண்ணன் கையில் கொடுத்தேன். ஜீப் கிளம்பிப் போகும்வரை வாசலிலேயே நின்று பார்த்துவிட்டு உள்ளே வந்தேன்.

இன்டர்வியூவுக்கு ஒரு வாரம் முன்பு இதழ் அச்சாகி வந்தது. அதிகாரி முதல் பக்கத்தைப் பார்த்தார், தன் பெயரைப் பார்த்தார், ஒரு பிரதியைப் பையில் போட்டுக்கொண்டு கிளம்பிவிட்டார். கடைசிப் பக்கத்தை அவர் புரட்டவில்லை. நான் புரட்டினேன். அச்சகத்து மனிதர், அந்தப் பென்சில்காரர், கோடே போடவில்லை. இரண்டு வரியிலும் சின்னராசுவின் பெயரை முழுதாகப் போட்டிருந்தார். நான் யாரிடமும் சொல்லவில்லை. சின்னராசுவிடம் மட்டும், "மனுவுல எழுதுனதை மாத்திச் சொல்லிராதீங்க தம்பி" என்றேன்.

இன்டர்வியூ மதுரையில். அடுத்த நாள் சின்னராசு பண்ணைக்கு வந்து நேராக என் மேசைக்கு வந்தார். மூச்சு வாங்க வாங்கச் சொன்னார்.

"தலைவர் கேட்டாருக்கா, 'இந்த ரெண்டு குறிப்பும் இன்னும் வெளிவரலையே, நீங்கதான் எழுதினதுன்னு என்ன ஆதாரம்?'னு. நான் வாயைத் தொறக்குறதுக்குள்ள நம்ம ஆபீசரு பையில இருந்து புஸ்தகத்தை எடுத்து நீட்டிட்டாரு. 'பையன் தப்பாப் போட்டிருக்கான், அது என்னுது, பதின்மூணு பதினாலு பாருங்க'ன்னு. தலைவர் கண்ணாடியை மாட்டிக்கிட்டுப் பார்த்தாரு. என் மனுவைப் பார்த்தாரு. மறுபடி புஸ்தகத்தைப் பார்த்தாரு. அப்புறம் என் பேரை இனிஷியலோட சத்தமாப் படிச்சாருக்கா. ரெண்டு தடவை."

"அவரு என்ன சொன்னாரு?"

"யாரு, நம்மாளா? புஸ்தகத்தைத் திருப்பி வாங்கிப் பார்த்தாரு. பையில போட்டுக்கிட்டாரு. தலைவருதான் எங்கேயோ டைப்பிங்ல தப்பு நடந்திருக்கும், விடுங்கன்னாரு. இவரும் உடனே, ஆமா எங்க டைப்பிஸ்ட் கவனக்குறைவுன்னுட்டாரு." சொல்லிக்கொண்டே வந்தவர் நின்றுவிட்டார். "உங்க மேல பழியைப் போட்டுட்டாங்களேக்கா."

பாருங்கள் நியாயத்தை! ஒருவனுடைய ஏழு மாத உழைப்பைப் பட்டப்பகலில் பையில் போட்டுக்கொண்டவரைப் பார்த்து அந்தப் பெரிய மனிதர்கள் ஒரு கேள்வி கேட்கவில்லை. சங்கடம் வேண்டாமே என்று நாகரிகமாகப் பேச்சை மாற்றியிருக்கிறார்கள். அந்த நாகரிகத்துக்கு ஓர் ஆள் தேவைப்பட்டது, மலைமேல் இருந்த டைப்பிஸ்ட் அகப்பட்டாள். ஆனால் சின்னராசுவுக்கு வேலை கிடைத்தது. நிரந்தர உத்தரவு வந்த அன்று அவருடைய அம்மா புகை வாசம் போகாத பூண்டு ஒரு கட்டு கொடுத்தனுப்பினார். என் அறை முழுக்க அந்த வாசம் பத்து நாள் இருந்தது.

அதே வாரம் எனக்கு மெமோ வந்தது. 'மேற்கோள் பட்டியலைத் தவறாக டைப் செய்து உயர் அதிகாரிக்குச் சங்கடம் விளைவித்தது குறித்து விளக்கம் தரவும்.' வேடிக்கை என்னவென்றால், அதையும் நான்தான் டைப் செய்ய வேண்டியிருந்தது. செய்தேன், ஒரு பிழை இல்லாமல்.

தம்பி தங்கைகளே, எனக்கு அன்றைக்கு ஏற்பட்ட கோபத்தில் பத்துப் பக்கம் எழுதியிருக்கலாம். இரண்டே வரி எழுதினேன். 'கோட்டை டைப் செய்தது நான், ஒப்புக்கொள்கிறேன். அதற்கு மேல் இருந்த பெயரை நீக்கியவர் யார் என்று தெரிவித்தால் முழு விளக்கம் தர வசதியாக இருக்கும்.' ஃபைலில் இருந்த சிவப்புப் பென்சில் தாள்களை எடுத்து, வரி நீக்கிய பக்கம் மேலே தெரியும்படி குண்டூசி குத்தி அவர் மேசையில் வைத்துவிட்டு வந்தேன்.

மறுநாள் மெமோ ரத்து என்று ஒரு துண்டுத்தாள் வந்தது. அதை என்னிடம் டைப் செய்யக் கொடுக்கவில்லை, அவரே கையால் எழுதியிருந்தார். காரணம் எழுதவில்லை. ஒரு வரி வருத்தம் தெரிவிக்கவில்லை. சில மாதங்களில் பதவி உயர்வு வாங்கிக்கொண்டு கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார். வழியனுப்பு விழாவில் மாலை போட்டார்கள், அவருடைய ஆராய்ச்சிகளைப் பட்டியல் போட்டுப் புகழ்ந்தார்கள். நான் போகவில்லை, தலைவலி என்று சொல்லிவிட்டேன்.

அந்தச் சிவப்புப் பென்சில் தாள்கள் மட்டும் ஃபைலுக்குத் திரும்பி வரவில்லை. அவர் இருந்தபோதே மூன்று முறை எழுதிக் கேட்டேன். அவருக்குப் பின் வந்தவரிடம் கேட்டேன். நான் ஓய்வு பெற்ற அன்று, எல்லோரும் காபி குடித்துக்கொண்டிருந்தபோது, புது அதிகாரியிடம் ஒரு கடிதம் கொடுத்து, பெற்றுக்கொண்டதாகக் கையெழுத்து வாங்கிக்கொண்டுதான் படி இறங்கினேன். பொருள்: காணாமல் போன தாள்கள் குறித்து, ஐந்தாவது நினைவூட்டல்.